அக்காவின் ஸ்கேனை நான் பாஸ் செய்தேன்

எங்கள் குடும்பத்தில் பேங்க், இமிகிரேசன், ஆஸ்பத்திரி என்று எந்தக் கவுண்டருக்குப் போனாலும் பேசுகிற வேலை என்னுடையது. யாரும் கூடி உட்கார்ந்து அப்படி முடிவு செய்ததில்லை. நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வெளிநாட்டிலிருந்து தரத்தைச் சோதிக்க ஆடிட்டர்கள் வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அது போதாதா? கவுண்டரில் நான் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கும்போது மற்றவர்கள் பின்னால் நின்று என் வாயைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போகும் அசிங்கம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். சுங்கை பாக்காப்பில் இருக்கிறாள், பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். படிப்பு அவளுக்கு வேப்பங்காய். மலாய் பேசுவாள், ஆனால் அது காய்கறி வாங்குகிற மலாய். போன வருடம் இடது மார்பில் கட்டி என்று தெரிந்தபோது அவள் அத்தானிடம்கூடச் சொல்லாமல் முதலில் எனக்குத்தான் போன் செய்தாள்.

“பாப்பா, நீ வந்து டாக்டர்கிட்ட பேசு. எனக்கு அவங்க பேசுறது ஒண்ணும் வெளங்காது.”

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, பொறுமையானவர். கட்டி பெரியது, இப்போதே அறுவை செய்தால் மார்பு முழுவதையும் எடுக்க வேண்டிவரும் என்றார். அதனால் முதலில் கீமோ. மருந்தில் கட்டி எவ்வளவு சுருங்குகிறது என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம், நன்றாகச் சுருங்கினால் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்றார். இதை நான் அக்காவுக்குச் சரியாகவே சொன்னேன். அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“எடுக்கணும்னா எடுக்கட்டும். ஆனா முடிஞ்சா இருக்கட்டும் பாப்பா. அத மட்டும் நீ கேட்டுப் பாரு.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். உயிரோடு இருக்க வேண்டும், முடிந்தால் முழுசாக இருக்க வேண்டும். கேட்டுச் சொல்ல வேண்டியவள் நான்.

முதல் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “கவுந்து படுக்கச் சொல்றாங்க. மேசையில ரெண்டு ஓட்ட. அதுக்குள்ள ரெண்டையும் தொங்க விடணுமாம். அசையக் கூடாதாம். மாடு பால் கறக்க நிக்கும்போதுகூட வாலையாவது ஆட்டும்லா!” உள்ளே ஒரே இரைச்சல், யாரோ மண்டைக்கு மேலே வீடு கட்டுகிறார்கள் என்றாள். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தேன்.

கீமோ அந்தச் சிரிப்பைப் பறித்துக்கொண்டது. முடி கொட்டியது, நாக்கு ருசி கெட்டது, ஊருக்கே சமைக்கிறவள் கஞ்சியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதி வழியில் எடுத்த இரண்டாவது ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. அப்போது டாக்டர் கட்டிக்குள் அரிசி அளவுக்கு ஓர் உலோகத் துண்டை வைத்தார். கட்டி கரைந்துவிட்டாலும் அது இருந்த இடம் தெரிய வேண்டும், அதற்கு அடையாளம் என்றார். அதையும் நான் அக்காவுக்கு ஒழுங்காகச் சொன்னேன். கட்டியே இல்லாமல் போனால் இடம் எதற்குத் தெரிய வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கீமோ எல்லாம் முடிந்து மூன்றாவது ஸ்கேனின் முடிவைக் கேட்கப் போனோம். டாக்டர் மூன்று படங்களையும் திரையில் வரிசையாக வைத்தார். முதலாவதில் வெள்ளையாக ஒரு திட்டு. இரண்டாவதில் அது சின்னதாக. மூன்றாவதில் அங்கே எதுவும் இல்லை.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நான் தரப் பிரிவு. சிப் பொருத்திய சர்க்யூட் பலகைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து, ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா, உள்ளே குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இருபத்தெட்டு வருடமாகச் சாம்பல் நிறப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குறை தெரிந்தால் ரிஜெக்ட். தெரியாவிட்டால் பாஸ். டாக்டர் வாய் திறப்பதற்குள் என் கண் அந்த மூன்றாவது படத்துக்கு முத்திரை குத்திவிட்டது.

“எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியவில்லை. ரொம்ப நல்ல பலன்” என்றார் டாக்டர் ஆங்கிலத்தில்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். “பாஸ்க்கா! ஒண்ணுமே இல்ல! சுத்தமா போச்சு!”

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அறுவை, ஒரு பகுதி மட்டும், திசு, லேப், உறுதி என்ற சொற்கள் எல்லாம் என் காதில் விழுந்தன. விழவில்லை என்று நான் சொல்ல முடியாது. நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன், ‘எஸ் டாக்டர்’ என்றேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆனால் அவர் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் என்னைத்தான் பார்த்தது. கட்டியை நானே கரைத்தது மாதிரி எனக்கு இருந்தது.

வெளியே வந்து லிப்டுக்குக் காத்திருந்தபோது அவள் கேட்டாள்.

“கடைசியா என்னமோ ரொம்ப நேரம் சொன்னாங்களே, என்னா பாப்பா?”

“ஆப்ரேசன் தேதி குடுப்பாங்களாம்.”

“ஒண்ணும் இல்லன்னா அப்புறம் எதுக்கு?”

நல்ல கேள்வி. ஆறாம் வகுப்போடு நின்றவள் கேட்ட கேள்வி. உள்ளே திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம், கதவு பத்தடியில்தான் இருந்தது. ‘தெரியலக்கா’ என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை எந்தக் கவுண்டரிலும் நான் சொன்னதே இல்லை.

“அது சும்மா அவங்க ரூல்ஸ்லாக்கா. கேஸ் பைல மூடணும்ல.”

இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. லிப்டு வருவதற்குள் நானே உண்டாக்கியது. வாடகைக் காடியில் ஏறியதும் குடும்பக் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன், ‘அக்காவுக்கு எல்லாம் கிளியர், ஸ்கேனை என் கண்ணால பாத்தேன்’ என்று. கைகூப்பிய படங்களாக வந்து குவிந்தன. டத்தோ கிராமாட்டில் என் வீடு வந்து சேரும்வரை நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் அப்போது வேலையில் இருந்தேன். தமிழ் மிஸி ஒருவர், மார்பு நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்.

“உங்கக்கா ஆப்ரேசன் வேணாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டேன். என் தங்கச்சி ஸ்கேன பாத்திருச்சு, உள்ள ஒண்ணும் இல்லையாம், ஆப்ரேசன் சும்மா உங்க ரூல்ஸுக்குத்தானாம்னு சொல்றாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். “நீங்க எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கீங்கக்கா?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். கேலி செய்திருந்தால் தேவலை.

“நான் பேக்டரியில வேல செய்றேன்” என்றேன்.

“ஓ” என்றார் அவர். அப்புறம் மெதுவாக விளக்கினார். ஸ்கேனில் தெரியவில்லை என்றால் ஸ்கேன் பார்க்கக்கூடிய அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் அங்கே மிச்சம் இருக்கலாம். அந்த இடத்தை வெட்டி எடுத்து லேபில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். கீமோவுக்குப் பிறகு ரொம்ப நாள் தள்ளவும் கூடாது. “டாக்டர் அன்னைக்கே சொன்னேன்னு சொல்றாங்க. நீங்க எல்லாத்துக்கும் எஸ் சொன்னீங்களாம்.”

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கம் இல்லை, கோபம். இவர்கள் ஒழுங்காக விளக்க வேண்டாமா? தமிழில் சொல்ல ஆளில்லையா? ஒரு புகார் எழுதினால் என்ன? ஆங்கிலத்தில் அதன் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன். எழுதிக்கொண்டே என் மேசைக்குத் திரும்பினேன்.

மேசை மேல் எனக்காகக் காத்திருந்தவை நல்ல பலகைகள். எக்ஸ்ரே பாஸ் செய்தவை. ஒவ்வொரு தொகுப்பிலும் பாஸ் ஆனவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக வெட்டி, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். இயந்திரம் சொன்னது நிஜமா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. உற்பத்தி மேலாளர் ஒருவர் இருக்கிறார், வருடக்கணக்காக என்னோடு மல்லுக்கட்டுகிறவர். “மெசினே பாஸ்னு சொல்லிருச்சு, அப்புறம் எதுக்கு நல்ல சாமான வெட்டுற?” என்பார். நான் இடுப்பில் கைவைத்து அவருக்குப் பாடம் எடுப்பேன். மெசினுக்கு ஓர் அளவு இருக்கிறது, அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது, வெட்டிப் பார்க்காமல் ‘சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட நான் என்ன முட்டாளா என்று கேட்பேன். பெரிய கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அவர் காது சிவந்து உட்கார்ந்திருப்பார்.

ரம்பத்தை ஓட விட்டுவிட்டு அப்படியே நின்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமே இல்லை. இந்த விஷயம் ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த விஷயம். ஈயத் துளிக்கு நான் காட்டிய அக்கறையை அக்காவுக்குக் காட்டவில்லை. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன், கண்ணாடியைப் பார்க்கவில்லை.

இதோடு நான் திருந்தியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அவள் “சொல்லு பாப்பா” என்றதும் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

“அக்கா, டாக்டர் இப்ப மாத்திச் சொல்றாங்க. ஆப்ரேசன் கண்டிப்பா பண்ணணுமாம்.”

மாத்திச் சொல்றாங்க! அந்தப் பெண்மணி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற அவர் தலையில் கட்டினேன்.

அக்கா கொதித்துவிட்டாள். “அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னாங்க, இன்னைக்கு இருக்குங்கிறாங்களா? எந்த வாய நம்புறது? அவங்களுக்கு வெட்டணும்லா, அதான். நான் இனிமே அந்தம்மாகிட்ட போகமாட்டேன். நீயும் போகாத.”

“அப்படி இல்லக்கா...”

“உனக்குத் தெரியாது பாப்பா. நீ நல்லவ, எல்லாரையும் நம்புவ.”

அத்தனை மாதமாக அவளைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய டாக்டரை ஒரே போனில் நான் பொய்க்காரியாக்கிவிட்டேன். நான் நல்லவள் ஆகிவிட்டேன். அடுத்த இரண்டு நாளும், நாள் தள்ளக் கூடாது என்று மிஸி சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே மிச்சம் ஏதாவது இருந்தால் அது என் வாய்க்காகக் காத்திருக்காது.

சனிக்கிழமை காலையில் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி சுங்கை பாக்காப்புக்குப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். தலையில் துணி இல்லை. குச்சி குச்சியாகப் புது முடி தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய் ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே பட்டுப் புடவை, நான் விரும்பும் பாக்கு நிறம்.

“நாளைக்குக் கோயில்ல அன்னதானம். அத்தான் எல்லாருக்கும் சொல்லிட்டாரு. நீ இதக் கட்டிட்டு முன்னால உக்காரணும். நல்ல சேதி கொண்டாந்தவ நீதானே.”

பையை வாங்க என் கை வரவில்லை. அவள் அதை என் மடியில் வைத்துவிட்டு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் என்னால் பேச முடிந்தது.

“அக்கா, டாக்டர் மாத்திச் சொல்லல. அன்னைக்கே சொன்னாங்க, ஆப்ரேசன் பண்ணித்தான் ஆகணும்னு. நான்தான் உன்கிட்ட சொல்லல.”

அவள் திரும்பவில்லை. “உன் காதுல விழலியா?”

“விழுந்துச்சு.”

“வெளங்கலியா?”

“ஒழுங்காக் கேக்கல. கேட்ட மாதிரி தலையாட்டினேன்.”

“ரூல்ஸுன்னு சொன்னியே? பைல மூடணும்னு?”

“அது நானாச் சொன்னது.”

அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி மாட்டினாள். அப்புறம் என் எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அழுது, சரிக்கட்டிவிடுவேன். எங்கள் வீட்டுச் சண்டைகளை எல்லாம் அப்படித்தான் முடித்திருக்கிறோம்.

“எனக்கு அவங்க பேச்சு தெரியாதுன்னுதானே உன்ன கூட்டிட்டுப் போனேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீ வேற யாருக்கும் இப்படிச் செய்வியா?”

செய்ய மாட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆடிட்டரிடம் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட அன்றே மின்னஞ்சல் போட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

“மிஸி நம்பர் இருக்கா?”

“நான் போன் பண்றேங்க்கா.”

“வேணாம். நம்பர குடு.”

அவளே பேசினாள். ‘நான் வரேன், எப்ப தேதி, நான் தப்பா வெளங்கிக்கிட்டேன்’ என்றாள். தப்பு யாருடையது என்று அவள் மிஸியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அன்னதானத்தை நிறுத்த முடியாது என்று அத்தான் சொன்னதால் அது நடந்தது. நான் போகவில்லை. புடவை பையோடு அங்கேயே இருந்தது, அவளும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் அறுவை முடிந்தது. ஒரு பகுதியை மட்டும்தான் எடுத்தார்கள். அக்கா ஆசைப்பட்டபடி மார்பு இருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் பள்ளம் விழுந்து. கட்டு மாற்றும்போது நான் உதவினேன். அவளும் சாதாரணமாகத்தான் பேசினாள், கேண்டீன் பிள்ளைகளைப் பற்றி, விலைவாசி பற்றி. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் என்னையே நம்பவைக்கப் பார்த்தேன்.

லேப் முடிவைச் சொல்லும் நாள் வந்தது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டதும் வழக்கம்போல நான் முதலில் எழுந்தேன். அந்தத் தமிழ் மிஸி கதவருகில் நின்றிருந்தார்.

“நீ இங்கயே இரு பாப்பா” என்றாள் அக்கா. “மிஸி என்கூட இருப்பாங்க.”

கதவு சாத்திக்கொண்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் மற்ற குடும்பங்களின் பேசுகிற ஆட்கள், பைலை மடியில் வைத்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். என் மடியில் அக்காவின் கைப்பை இருந்தது. கதவு வழியாகப் பேச்சுச் சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருடம் அக்கா இப்படித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது.

அரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். நேராக என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்லாக் கேட்டுக்க. அந்த எடத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சாம். ரொம்பச் சின்னது, ஸ்கேனுக்குத் தெரியாதாம். அத முழுசா எடுத்துட்டாங்க, சுத்தி ஓரமெல்லாம் சுத்தமா இருக்காம். கக்கத்துல சோதனைக்கு எடுத்ததுலயும் இல்லையாம். ஆனா மிச்சம் இருந்ததால இன்னும் சில மாசம் மாத்திர சாப்புடணும். ரேடியேசனும் உண்டு. அப்புறம் வருசா வருசம் பாக்கணும்.”

மிச்சம் இருந்திருக்கிறது. திரையைப் பார்த்து நான் பாஸ் செய்தது அதைத்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“இப்ப நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லு. வீட்டுல எல்லாரும் உன்னத்தான் கேப்பாங்க.”

சொன்னேன். ஒவ்வொன்றாக, விரல் மடக்கி. மிச்சம் இருந்தது, எடுத்துவிட்டார்கள், ஓரம் சுத்தம், கக்கம் சுத்தம், மாத்திரை, ரேடியேசன், வருடா வருடம். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ்வளவுதாங்க்கா. இனிமே பயப்பட ஒண்ணும் இல்ல.”

அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

“அத டாக்டர் சொல்லல” என்றாள். “மொதல்லேர்ந்து சொல்லு.”